வேலூர் வெயிலுக்கு எந்த இன்சுலின் பம்பு: டியூப் வைத்ததா, ஒட்டும் பாடா?

டைப் 1 சர்க்கரை உள்ள பிள்ளைக்குப் பம்பு (ஊசிக்குப் பதில் நாள் முழுக்க உடம்புக்குள் இன்சுலின் விடும் சின்ன இயந்திரம்) வாங்கலாம் என்று பேச்சு வந்ததுமே எல்லார் கண்ணும் அளவின் மேல்தான் போகிறது. ஆம்னிபாட் மாதிரி ஒட்டும் பாட் 5 சென்டிமீட்டர் நீளம், 26 கிராம் எடை. கையிலோ வயிற்றிலோ ஒட்டிவிட்டால் சட்டைக்குள் மறைந்துவிடும். மெட்ரானிக் 780ஜி மாதிரி டியூப் பம்பு இடுப்பில் இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் வயிற்றில் தோலுக்கடியில் பதித்த கேனுலா என்ற சிறு குழலுக்குப் போகும். பார்த்தவுடன் பாடுதான் பிடிக்கும். ஆனால் வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் இருப்பவர்கள் அளவைவிட வெயிலைத்தான் முதலில் யோசிக்க வேண்டும்.

மே மாதம் இங்கே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பம்பில் போடும் அஸ்பார்ட் இன்சுலினுக்கு 37 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் அதை எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும். டியூப் பம்பில் மருந்துக் குப்பியையும் செட்டையும் (குழாயும் கேனுலாவும் சேர்ந்தது) மாற்றினால் போதும். பாடில் மருந்து, மோட்டார், பேட்டரி எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருப்பதால் மொத்தமும் குப்பைக்குத்தான்.

வேர்வை விஷயமும் இப்படித்தான். என் தங்கை மகள் டியூப் பம்பு போட்டிருக்கிறாள். ஏப்ரல் வெயிலில் பள்ளி விட்டு வந்ததும் பார்த்தால், கேனுலா மேல் இருக்கும் பிளாஸ்திரியின் ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கியிருக்கும். துடைத்து, காயவிட்டு, மேலே ஒரு டேப் ஒட்டிக்கொள்வாள். கழன்றே வந்தாலும் போவது ஒரு செட்தான். பாடில் 200 யூனிட் வரை நிரப்பி 3 நாள் ஓட்டலாம். முதல் நாளே கழன்றால் மீதி மருந்தும் சேர்ந்து போகும். மாதச் செலவு எகிறுவது இங்கேதான்.

பாடுக்கு நியாயமான இடமும் உண்டு. கைக்கு எட்டியதையெல்லாம் இழுக்கும் சின்னக் குழந்தைக்கு டியூப் தொல்லை. காட்பாடி பஸ் நெரிசலில் பை வாரில் அது மாட்டுவதும் உண்மை. குளிக்க, நீந்த, பாட் கழற்றவே வேண்டாம். டியூப் பம்பைக் கழற்றி வைக்கலாம், ஆனால் ஒரு மணி நேரத்துக்குள் மாட்டிவிட வேண்டும். பேட்டரியில் 780ஜி எனக்குப் பிடிக்கும்: ஏஏ ஆல்கலைன் செல் போதும், கடையிலேயே கிடைக்கும்.

இரண்டும் வேண்டாம், இன்சுலின் ஊசி போடும் பேனாவே போதும் என்பவர்களை நான் தப்பு சொல்லமாட்டேன். தினம் நான்கு ஊசி, கூடவே சர்க்கரை அளவு காட்டும் ஒரு சென்சார் இருந்தால் பலருக்குச் சர்க்கரை நன்றாகவே கட்டுப்படுகிறது. பேனா தோற்பது ஆம்பூர் பிரியாணியிடம். கொழுப்பு அதிகமான சாப்பாட்டில் சர்க்கரை இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் ஏறிக்கொண்டே போகும். ஒரே ஊசியில் மொத்த டோஸையும் போட்டால் முதலில் சர்க்கரை லோ ஆகி (மிகக் குறைந்து), அப்புறம் ராத்திரி ஏறும். பம்பில் பாதியை உடனே விட்டு, மீதியைச் சில மணி நேரத்துக்குப் பரப்பிக் கொடுக்கும் வசதி உண்டு.

எந்தப் பம்பாக இருந்தாலும் அதில் ஓடுவது வேகமாக வேலை செய்யும் இன்சுலின் மட்டும். குழாய் அடைத்தாலோ பாட் கழன்றாலோ சில மணி நேரத்தில் இரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் இல்லாதபோது சேரும் அமிலம்) ஏறும், உயிருக்கே ஆபத்து. அதனால் பம்பு இருக்கும் வீட்டிலும் பேனா ஒன்று தயாராக இருக்க வேண்டும், பள்ளிப் பையிலும் ஒன்று. இன்னொன்று: நம் ஊரில் பரவலாகக் கிடைக்கும் 40 யூனிட் (ஒரு மில்லியில் 40) குப்பி மருந்தைப் பம்பில் ஊற்றவே கூடாது. பம்பு 100 யூனிட் மருந்துக்கென்று கணக்கிடப்பட்டது. 40 ஊற்றினால் உடம்புக்குள் போவது பாதிகூட இருக்காது.

டீலரிடம் பணம் கட்டும் முன், செட்டோ பாடோ தீர்ந்தால் வேலூரிலேயே கிடைக்குமா, சென்னையிலிருந்து வர வேண்டுமா என்று கேளுங்கள். கூரியர் வெயிலில் கிடக்காமல் வரும் என்று உறுதி சொல்ல முடியாத டீலரிடம் வாங்காதீர்கள்.