வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும்போது பதற்ற மாத்திரை: இருமுனைக் கோளாறுக்கு மருந்தெடுப்பவர்களுக்கு

மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம், வால்ப்ரோயேட் போன்ற தினசரி மருந்துகளை யாரும் மறந்துவிட்டு விமானம் ஏறுவதில்லை. ஊரில் தட்டுப்பாடாவது குளோனசெபாம், லோரசெபாம் மாதிரி சின்னப் பதற்ற மாத்திரைதான். "தேவைப்பட்டால் மட்டும்" என்று எழுதியிருப்பதால் பத்து மாத்திரையோடு கிளம்புகிறார்கள். நேரமாற்றத்தில் தூக்கம் கெட்டால் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடுகிறது.

வெளிநாட்டு மருந்துச்சீட்டைப் பல கடைகளில் ஏற்பதில்லை. அங்குள்ள மனநல மருத்துவரின் சீட்டு வேண்டும் என்பதால் கிளம்பும் முன்பே நேரம் வாங்கிவிடுங்கள். இந்தப் பதற்ற மாத்திரைகள் 1971ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கைப்படி கட்டுப்பாட்டில் உள்ள மருந்துகள். எத்தனை நாளுக்குக் கொண்டுபோகலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், தூதரகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். லேபிள் ஒட்டிய பெட்டியோடும், மருந்தின் மூலப்பெயரும் (வணிகப்பெயர் அல்ல) மில்லிகிராமும் குறித்த மருத்துவர் கடிதத்தோடும் கைப்பையில் வையுங்கள். நாள்வாரியாகப் பிரித்த டப்பாவில் போட்டால் சுங்கத்தில் விளக்குவது பெரும்பாடு.

கடையில் மாத்திரை அட்டையை வாங்கியதும் பின்பக்கம் திருப்பிப் படியுங்கள். முன்பக்கத்தில் வணிகப்பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் பொடி எழுத்தில் "குளோனசெபாம் 0.5 மி.கி., எஸ்சிட்டலோபிராம் 10 மி.கி." என்றிருந்தால் அது கூட்டு மாத்திரை. இரண்டாவது மருந்து மனச்சோர்வுக்கானது. இருமுனைக் கோளாறு உள்ளவரை அது மேனியாவுக்கு, அதாவது அளவுமீறிய உற்சாகமும் பரபரப்பும் கொண்ட நிலைக்கு, தள்ளிவிடக்கூடும். "பதற்றத்துக்கு ஒன்று" என்று கேட்டு வாங்கவே கூடாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

அளவிலும் ஏமாறலாம். லோரசெபாம் 1 மி.கி., குளோனசெபாம் 0.5 மி.கி., டயசெபாம் 10 மி.கி. மூன்றும் ஏறத்தாழ ஒரே வலு. லோரசெபாம் 2 மி.கி. எடுப்பவர் குளோனசெபாமும் அதே 2 மி.கி. எடுத்தால் இருமடங்கு ஏறிவிடும்.

தினமும் எடுப்பவர் தீர்ந்துபோனதென்று சட்டென நிறுத்தினால் பதற்றம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும், வலிப்பும் வரலாம். அப்படி நிறுத்தும்போது வரும் தூக்கமின்மை மேனியாவின் தொடக்கம் போலவே தெரிவதால் வீட்டாரும் மருத்துவரும் குழம்புவார்கள். பதற்ற மாத்திரை மனநிலையைத் தாங்கிப் பிடிப்பதில்லை. லித்தியம் வேலைசெய்யத் தொடங்கும் வரை தூக்கமும் அமைதியும் தருகிறது, அவ்வளவே. அதை நம்பி லித்தியத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

லித்தியம் எடுப்பவருக்கு வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போட்டாலோ இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். இந்த அளவைப் பரிசோதிக்கக் கடைசி லித்தியம் மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து இரத்தம் கொடுக்க வேண்டும். பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். கை பெரிதாக நடுங்கி, நாக்கு குழறி, நடை தள்ளாடினால் லித்தியம் அளவுமீறியிருக்கலாம், அதைப் பதற்றம் என்று நினைத்து லோரசெபாம் கொடுக்காதீர்கள். லித்தியத்தை நிறுத்தி, மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு உடனே போங்கள்.