டயர் ஷியரோகிராபி மெஷின்: நாலஞ்சு வருஷம் ஓட்டிப் பாத்ததுல தெரிஞ்சது

லாரி டயர் ரீட்ரேடிங் (தேஞ்ச டயருக்கு மேல புது ரப்பர் ஒட்டுறது) ப்ளான்ட் வச்சிருக்கவங்க இப்ப நெறைய பேர் இந்த ஷியரோகிராபி மெஷின பத்தி, அதாவது டயர அறுக்காமலே உள்ள பிரிஞ்சிருக்கான்னு லேசர்ல பாக்குற மெஷின பத்தி விசாரிக்கிறாங்க, வாங்கலாமா, போட்ட காசு திரும்ப வருமா, சேல்ஸ்காரர் சொல்ற மாதிரி எல்லாக் கோளாறையும் புடிச்சுக் குடுத்துடுமான்னு. நான் கொங்கு பக்கம் ஒரு ப்ளான்ட்ல கேசிங் (தேஞ்ச ட்ரெட் போக மிச்சமிருக்குற டயர் உடம்பு) இன்ஸ்பெக்ஷன் பாக்குறேன். மெஷின் வந்து எறங்குன நாள்ல இருந்து அதுகூடத்தான் பொழப்பு. எந்தக் கம்பெனி மெஷின்னு சொல்லப் போறதில்ல, சொல்லியும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா இதுல இருக்குற நல்லது கெட்டது பெரும்பாலும் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவானது, உள்ள நடக்குற வேலை ஒண்ணுதான்.

மொதல்லயே சொல்லிடுறேன். இந்த மெஷின் டயருக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்குற காத்தத்தான் புடிக்கும். காத்து மாட்டியிருந்தா பெரும்பாலும் தப்பாது. மாட்டலைன்னா அங்க ஒரு கோளாறு இருக்குறதே அதுக்குத் தெரியாது. மெஷின் வாங்கிட்டு "எல்லாம் ஏமாத்து வேல"ன்னு திட்டுறவங்களும் சரி, "இனிமே கையால பாக்குற ஆளே வேணாம்"னு இன்ஸ்பெக்டர வீட்டுக்கு அனுப்புனவங்களும் சரி, ரெண்டு பேருமே இத புரிஞ்சுக்காதவங்கதான்.

முன்னாடியெல்லாம் எப்புடி பாப்போம்? டயர ஸ்ப்ரெடர்ல ஏத்தி வாய விரிச்சு, லைட்டு போட்டு, உள்ள கைய விட்டு ஒரு சுத்து தடவி, ஷோல்டர் (ட்ரெட்டும் சைடுவாலும் சேர்ற ஓரம்) பக்கம் சுத்தியல்ல தட்டி சத்தம் கேட்டு. பழகுன கைக்கு பெரிய உப்பல் தெரிஞ்சுடும். ஆனா ஸ்டீல் ரேடியல்ல பெல்ட் (ட்ரெட்டுக்கு அடியில இருக்குற கம்பி அடுக்கு) ஓரத்துல ரெண்டு வெரல் அகலத்துக்கு ரப்பரும் கம்பியும் பிரிஞ்சு நிக்கும் பாருங்க, அது கைக்கும் தெரியாது சத்தத்துலயும் தெரியாது. அந்தக் கேசிங்குக்கு மேல ரப்பர் ஒட்டி அனுப்புனா ரோட்டுல போய் உரிஞ்சுக்கும், லாரிக்காரர் நேரா வந்து "உங்க ஒட்டு சரியில்ல"ன்னுதான் சண்டைக்கு நிப்பாரு. இது ரீட்ரேடுக்கு மட்டும் வர்ற வியாதியும் இல்ல. 2000 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல ஃபயர்ஸ்டோன் 65 லட்சம் டயர திரும்ப வாங்குனாங்களே, அதெல்லாம் புது டயரு, பிரச்சனை இதே மாதிரி பெல்ட் பிரிஞ்சு ட்ரெட் கழண்டதுதான்.

சரி மெஷின் என்ன பண்ணுது. டயர படுக்க வச்சு சேம்பருக்குள்ள விட்டு மூடிடுவோம். டயரோட நடு ஓட்டைக்குள்ள கேமரா தலை எறங்கி உள்பக்கம் பாக்கும். பட்டன் (ரோட்டுல படுற ட்ரெட்ட இங்க அப்படித்தான் சொல்வோம்) பக்கம் ஏன் வெளிய இருந்து பாக்குறதில்லைன்னா அங்க ரப்பர் தடிமன், அதுல காடியும் இருக்கு, உள்பக்கம் இன்னர் லைனர் (டயரோட உள்தோல் ரப்பர்) காடி இல்லாம சமமா பெல்ட்டுக்கு பக்கத்துலயே இருக்கு. சைடுவாலுக்கு வெளிய இருந்து தனியா ஒரு பார்வை. செவப்பு டையோடு லேசர விரிச்சு அடிக்கும், லேசர் வெளிச்சம் சொரசொரப்பான எடத்துல பட்டா மணல் தூவுன மாதிரி புள்ளி புள்ளியா மினுங்கும், அதுக்குப் பேரு ஸ்பெக்கிள். கேமராவுக்கு முன்னாடி ரெண்டு கண்ணாடி, அதுல ஒண்ணு லேசா சாய்ஞ்சிருக்கும், அதனால ஒரே எடம் ரெண்டு படமா கொஞ்சம் தள்ளித் தள்ளி ஒண்ணு மேல ஒண்ணு விழும். சாதா காத்தழுத்தத்துல ஒரு படம் எடுத்துட்டு, பம்ப் ஓடி சேம்பருக்குள்ள ஒரு 50 மில்லிபார் கொறைச்சதும் இன்னொரு படம். வெளி அழுத்தம் கொறைஞ்சதும் பிரிஞ்ச எடத்துக்குள்ள மாட்டியிருக்குற காத்து விரியும், அது மேல இருக்குற ரப்பர் எண்ணெயில போட்ட பூரி மாதிரி எழும்பும், என்ன ஒண்ணு, பூரி எழும்புறது கண்ணுக்குத் தெரியும், இது மைக்ரான் கணக்கு. ரெண்டு படத்தையும் கழிச்சா எழும்புன எடம் மட்டும் ஸ்கிரீன்ல வரும்.

அது வர்ற விதம்தான் புதுசா பாக்குறவங்கள கொழப்பும். ஒரு உப்பலுக்கு ஒரு வட்டம் வராது, பக்கத்துல பக்கத்துல ரெண்டு வரும், ஒண்ணு வெளுப்பா ஒண்ணு கருப்பா. எங்க ப்ளான்ட்ல இதுக்கு ரெட்டைக் கண்ணுன்னு பேரு. மெஷின் அளக்குறது எவ்வளவு எழும்பிச்சுங்குறத இல்ல, எவ்வளவு சாய்வா எழும்பிச்சுங்குறத. மேட்டுக்கு ஏறுற பக்கம் ஒரு கண்ணு, எறங்குற பக்கம் ஒரு கண்ணு, உச்சி ரெண்டுக்கும் நடுவுல. அதனால கோளாறோட நடு எதுன்னு சாக்பீஸ்ல குறிக்கும்போது கண்ணு மேல குறிக்கக் கூடாது, நடுவுல குறிக்கணும். புதுப் பசங்க மொத மாசம் பூரா கண்ணு மேலதான் குறிப்பாங்க.

இந்த சாய்வ அளக்குற சமாச்சாரத்தாலதான் இது ஒர்க் ஷாப்புல ஓடுது, இல்லைன்னா லேப்லயே கெடந்திருக்கும். இதுக்கு முன்னாடி ஹோலோகிராபிதான் (லேசர்ல முப்பரிமாணப் படம் பதியிறது) இருந்துச்சு. 1965ல மிச்சிகன்ல பவல், ஸ்டெட்சன்னு ரெண்டு பேரு ஹோலோகிராம வச்சு ஒரு பொருள் அதிர்றத படமா எடுத்துக் காட்டினாங்க, கொஞ்ச வருஷத்துலயே டயரையும் அப்படிப் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அதுல பொருள்ல இருந்து வர்ற வெளிச்சம் ஒரு வழி, ஒப்பிடுற வெளிச்சம் வேற வழி, பக்கத்துல ஒருத்தர் நடந்து போனாலே படம் போச்சு. 1973ல இங்கிலாந்துல லீண்டர்ட்ஸ், பட்டர்ஸ் ரெண்டு பேரும் படத்த நகத்தி படத்து மேலயே போடுற யோசனையக் குடுத்தாங்க, ஷியரோகிராபிங்குறது இதுதான், அப்புறம் மிச்சிகன் ஓக்லண்ட் யுனிவர்சிட்டில ஹங்னு ஒரு புரொபசர் அத வளத்து 1982ல சோதனைக்கு இத பயன்படுத்தலாம்னு விளக்கமா எழுதினாரு. இதுல ரெண்டு வெளிச்சமும் அந்தப் பொருள்ல இருந்தே வருது, மொத்த டயரும் லேசா ஆடுனா ரெண்டும் சேந்தே ஆடும், கழிச்சா அடிபட்டுப் போயிடும். விமான டயர் ரீட்ரேட் பண்ற எடங்கள்ல இதெல்லாம் ரொம்ப வருஷமா சகஜம். நம்ம பக்கம் லாரிக்கு இப்பத்தான் வருது.

நல்லது என்னன்னா, பெல்ட் ஓரப் பிரிவு. இதுல இத அடிச்சுக்க வேற மெஷினே இல்லைன்னு தைரியமா சொல்வேன். சங்ககிரி பக்கத்து லாரி ஓனர் ஒருத்தர் வந்து நின்னாரு, "ஏனுங்க தம்பி, பட்டன் மட்டும்தான போயிருக்குது, டயரு கிண்ணுனு இருக்குது, இத எதுக்கு ஓரங்கட்டி வச்சிருக்கீங்க"ன்னு. அண்ணா இங்க வந்து பாருங்கன்னு ஸ்கிரீன காமிச்சேன், ஷோல்டர் ஓரமா வரிசையா நாலு ரெட்டைக் கண்ணு. "கம்ப்யூட்டர்ல நீங்க என்ன வேணா காட்டுவீங்க, நமக்கு என்னங்க தெரியும்"னாரு. அவரு சொல்றதும் ஞாயம்தான. அவரு சம்மதத்தோட சாக்பீஸ் குறிச்ச எடத்துல கத்தி போட்டோம். உள்ள ரப்பர் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சு தேஞ்சு கண்ணாடியாட்டம் பளபளன்னு, ஓரமெல்லாம் சூடு ஏறி நீலம் பாரிச்சு, கம்பி நுனியெல்லாம் துரு, ரப்பர் பொடி கையில ஒட்டுது. கொஞ்ச நேரம் பாத்துட்டு "இத முன் வீல்லயாங்க ஓட்டிட்டு இருந்தேன்"னாரு. அதுக்கப்புறம் அவரு டயர் எல்லாத்துக்கும் பிரின்ட் கேட்டு வாங்கிட்டுப் போவாரு, ரிஜெக்ட் ஆனதுக்கும் சேத்து. மெஷினோட பெரிய லாபம் எனக்கு இதுதான்னு தோணுது, ரிஜெக்ட்டுன்னு சொன்னா காரணம் காட்ட முடியுது. முன்னாடி என் கை சொல்லுதுன்னு சொன்னா யாரு நம்புவா.

ரப்பர் ஒட்டி வெந்து வந்த பிறகும் இன்னொரு தடவ விட்டுப் பாக்கலாம், குஷன் கம்முக்கு (பழைய கேசிங்கையும் புது ட்ரெட்டையும் ஒட்டுற ரப்பர்) அடியில காத்து அடைஞ்சிருந்தா, பேட்ச் சரியா ஒட்டலைன்னா அப்படியே காட்டும். நெறைய ப்ளான்ட்ல வர்ற கேசிங்க மட்டும் பாக்குறாங்க, முடிஞ்ச டயர விடுறதில்ல, நேரம் வீணாம். எனக்குக் கேட்டா ரெண்டாவதுதான் முக்கியம், ஏன்னா அது நம்ம வேலைக்கு நாமளே வைக்கிற பரீட்சை.

இப்ப ஓட்டைகளுக்கு வருவோம், இத எந்த சேல்ஸ்காரரும் சொல்ல மாட்டாரு. ஆணி குத்தி உள்ள வரைக்கும் ஓட்டை போயிருக்கு, அந்த ஓட்டை பிரிஞ்ச எடத்தோட சேந்திருக்குன்னு வைங்க. வேக்குவம் போட்டதும் உள்ள இருக்குற காத்து அந்த ஓட்டை வழியா நழுவி வெளிய போயிடும். காத்து போயிட்டா உப்பாது, உப்பலைன்னா கண்ணு வராது, ஸ்கிரீன் சுத்தமா இருக்கும். அதாவது ரொம்பக் கெட்டுப்போன டயரு சில நேரம் ரொம்ப நல்ல டயரா தெரியும்! அதனால மெஷினுக்கு முன்னாடி ஹை வோல்டேஜ் ஆணி ஓட்டை டிடெக்டர்ல கண்டிப்பா ஒரு சுத்து சுத்தணும், ஓட்டை இருந்தா ஸ்பார்க் தாண்டும். மெஷின் வந்துருச்சேன்னு டிடெக்டர மூலையில போட்டவங்கள எனக்குத் தெரியும்.

அடுத்தது காத்தில்லாம ஓடுன டயரு. சைடுவால் கம்பி மடங்கி மடங்கி உள்ளயே அறுந்து நிக்கும், ஆனா ரப்பர் கம்பிய விட்டுப் பிரிஞ்சிருக்காது. நடுவுல காத்து இல்ல, மெஷினுக்கு ஒண்ணும் தெரியாது. இந்த டயருக்கு காத்து புடிக்கும்போது ஜிப் கழண்ட மாதிரி சைடுவால் வெடிக்கும், பக்கத்துல நிக்கிற ஆளு போயே போயிடுவாரு. இதுக்கு எக்ஸ்ரே வேணும், இல்லைன்னா சைடுவால்ல நெளிவு இருக்கா, உள்பக்கம் லைனர் சுருங்கி நெறம் மாறியிருக்கான்னு கண்ணால கையால பாக்கணும், கூண்டுக்குள்ள வச்சுத்தான் காத்து புடிக்கணும். ரப்பர் வயசாகி வெறச்சுப் போனதும் மெஷினுக்குத் தெரியாது. ஆழமும் ஒரு கணக்கு, லைனருக்குக் கிட்ட இருக்குற சின்னப் பிரிவு பளிச்னு வரும், அதே சைஸ் ஆழத்துல இருந்தா மங்கலாத்தான் வரும், வராமலும் போகும்.

இல்லாதத இருக்குறதா காட்டுறதும் உண்டு. பழைய பஞ்சர் பேட்ச் ஓரம் தூக்கியிருந்தா பெரிய கண்ணா முழிக்கும், கேசிங் மேல தப்பே இருக்காது. லைனருக்கு அடியில பொடிப் பொடியா கொப்புளம் இருந்தா ஸ்கிரீன் பூரா அம்மை போட்டது கணக்கா வரும். இதுல எது தள்ளணும் எது விடணும்னு சாஃப்ட்வேர் பச்சை செவப்பு போட்டுக் காட்டத்தான் செய்யுது, ஆனா நான் அத மட்டும் வச்சு முடிவெடுக்க விடுறதில்ல, சந்தேகம்னா டயர தொட்டுப் பாத்துட்டுத்தான்.

அன்றாடத் தொல்லைகள்ல மொதல்ல வர்றது டயரு அடங்காம இருக்குறது. ஸ்ப்ரெடர்ல இருந்து எறக்குன கையோட சேம்பர்ல விட்டா ரப்பர் மெதுவா பழைய வடிவத்துக்குத் திரும்பிட்டே இருக்கும், படம் பூரா கோடு கோடா ஓடும். அடுக்கி வச்சு நசுங்குன டயரும் அப்படித்தான். வெந்து வந்த டயரு 100 டிகிரிக்கு மேல இருந்து ஆறணும், அவசரப்பட்டு சூட்டோட விட்டா ஒண்ணும் படிக்க முடியாது. ஈர டயரும் ஆகாது. மழைக்காலத்துல நனைஞ்சு வர்ற லோடு எங்களுக்குத் தலைவலி, தொடச்சு காயவச்சு நேரமே போயிடும். டயர் பாலிஷ் அடிச்சுக் கொண்டு வந்தா இன்னும் மோசம், கழுவாம சைடுவால் பாக்கவே முடியாது.

சேம்பர பஃபிங் மெஷினுக்குப் (பழைய ட்ரெட்ட உரசி எடுக்குறது) பக்கத்துல வைக்காதீங்க. ஆட்டத்தத் தாங்கும்னு சொன்னேன்ல, அதுக்கு ஒரு அளவு இருக்கு, கம்ப்ரசர் ஒரே தளத்துல ஓடுனா படத்துல இரைச்சல் கூடும். பஃபிங் தூசி லென்ஸ்ல படியும், கதவு கேஸ்கெட்ல ஒட்டி வேக்குவம் லீக் ஆகும். அப்புறம் நம்ம ஊரு ஏப்ரல் மே வெயில். டையோடு லேசர் சூடானா அலைநீளம் தாவும், ரெண்டு படத்துக்கு நடுவுல தாவுனா கழிக்குறதுக்கு அர்த்தமே இல்ல, அந்த செக்டர் வெறும் இரைச்சலா வரும். தடுப்பு கட்டி ஏசி போட்ட பிறகுதான் நிம்மதி. கரண்ட்டுக்கு யூபிஎஸ் சொல்லவே வேணாம்.

சர்வீஸ் பத்தி சொன்னா கோவம் வரும். ஒரு டையோடு மங்கி ஒரு பக்கம் மட்டும் கருப்பா வந்துச்சு, பார்ட்ஸ் வெளிநாட்டுல இருந்து வரணும்னு வாரக்கணக்குல காக்க வச்சாங்க, அதுவரைக்கும் டயர திருப்பிப் போட்டு ரெண்டு ரெண்டு தடவ ஓட்டுனோம். ஒப்பந்தம் போடும்போதே லேசர், பம்ப் சீல், கேமரா போர்டு இதெல்லாம் உள்ளூர்ல இருப்பு வைக்கணும்னு எழுதி வாங்கிக்கோங்க.

வாங்கலாமா? ஃப்ளீட் ஓனருங்க கேசிங் மொத்தமா வர்ற ப்ளான்ட்டுன்னா, அதுலயும் ரேடியல் ஜாஸ்தின்னா வாங்கலாம். நைலான் டயரு (ஸ்டீல் பெல்ட் இல்லாதது) அதிகமா வர்ற சின்ன ப்ளான்ட்டுக்கு வட்டி கட்டியே தேஞ்சுடும். அவங்க நாலஞ்சு பேரா சேந்து ஒரு எடத்துல மெஷின் போட்டு டயருக்கு இவ்வளவுன்னு வாங்கலாம், ஆனா யாரு எடத்துல வைக்கிறதுன்னுதான் அடிதடி வரும்.

டெமோ பாக்கப் போறவங்க அவங்க வச்சிருக்குற டயர பாத்துட்டு வராதீங்க, அதுல கண்ணு அழகாத்தான் முழிக்கும். உங்க ப்ளான்ட்ல சந்தேகமா கெடக்குற டயர நீங்களே கொண்டு போங்க, அதுல ஒண்ணு ஆணி ஓட்டை இருக்குறதா இருக்கட்டும், ஒண்ணு பழைய பேட்ச் போட்டது, ஒண்ணு காத்தில்லாம ஓடுனது. ஓட்டிப் பாத்துட்டு, மெஷின் நல்லாருக்குன்னு சொன்னதையும் சேத்து அங்கயே அறுத்துப் பாக்கச் சொல்லுங்க.