பாதைத் தகராறு: பெரியவர்கள் பேச்சா, வழக்கா, பதிவுப் பத்திரமா?

காட்பாடியில் எங்கள் வீட்டுக்குப் போக ஒரே வழி, முன்வீட்டு மனையின் ஓரமாகப் போகும் பத்தடிப் பாதைதான். அப்பா 1986இல் வாங்கிய கிரயப் பத்திரத்தில் (அதில் மாவட்டம் 'வட ஆற்காடு' என்றுதான் இருக்கும்) பாதையைப் பற்றி ஒரு வரிகூடக் கிடையாது. முன்வீட்டு அண்ணன் கார் வாங்கி அங்கேயே நிறுத்தத் தொடங்கும்வரை யாரும் அதைக் கவனிக்கவும் இல்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக ஆட்டோ உள்ளே வர முடியாத அன்று இரண்டு பக்கமும் வார்த்தை தடித்துவிட்டது.

முதலில் தெருப் பெரியவர்களை வைத்துப் பேசினோம். செலவில்லை, அன்றைக்கே சூடு தணிந்தது, முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்தும் ஆனது. ஆனால் அதில் 'பாதையைப் பயன்படுத்த அனுமதிக்கிறேன்' என்று இருந்தது. சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலிடம் காட்டியபோதுதான் அந்த ஒரு சொல் எங்களை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று புரிந்தது.

அடுத்தவர் நிலத்தில் நடக்கும் வழி போன்ற உரிமைகளைப் பேசும் 1882ஆம் வருட ஈஸ்மென்ட் சட்டப்படி, 20 வருடம் தடையில்லாமல் உரிமையோடு நடந்து வந்த பாதையில் பாத்தியம் கேட்கலாம். அனுமதி வாங்கி நடந்தேன் என்று நாமே எழுதிக் கொடுத்தால் அந்த வாதம் பலவீனமாகிவிடும். அதைவிடப் பெரிய சிக்கல் விற்பனை. வெறும் அனுமதி, இடத்தை விலைக்கு வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தாது. அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு இதை நேராகவே சொல்கிறது. அண்ணன் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள், என்றைக்காவது வீட்டை விற்பார். வாங்குகிறவர் கேட்டைப் பூட்டினால் பெரியவர்கள் எழுதிய தாளை வைத்து என்ன செய்வது? நாங்கள் விற்கப் போனாலும் அதே கதிதான். வாங்க வருகிறவருக்குக் கடன் கொடுக்கும் பேங்க்கின் வக்கீல், வீட்டுக்கு வழி எங்கே எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் கேட்பார்.

அதனால்தான் நான் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியும் வழிநடை பாத்தியப் பத்திரம் பக்கம் நின்றேன். அது வில்லங்கச் சான்றில் ஏறும், பாத்தியம் வீட்டோடு சேர்ந்தே அடுத்தவருக்குப் போகும். சர்வேயரை வைத்து அளந்து, நீளம் அகலம் அடிக்கணக்கில், செக்குபந்தியோடு (நான்கு பக்க எல்லை விவரம்), வரைபடம் இணைத்து எழுதினோம். கேட் சாவி இரண்டு பேரிடமும், வண்டி நிறுத்துவது பாதைக்கு வெளியே, தண்ணீர்க் குழாய் எந்த ஓரம் என்பதுவரை போட்டோம். பராமரிப்பை மறந்துவிடாதீர்கள். எழுதாமல் விட்டால் சட்டம் அந்தச் செலவைப் பாத்தியம் உள்ளவர் தலையில்தான் வைக்கும். அண்ணனும் அதே பாதையில் நடப்பதால் சிமெண்ட் வேலைக்குச் சரிபாதி என்று எழுதிக்கொண்டோம். பதிவுச் செலவு முழுவதும் என்னுடையது, அதில் எனக்கு வருத்தமே இல்லை.

வழக்கைப் பற்றி அனுபவித்துச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, கோர்ட் படி ஏறியதில்லை. குடியாத்தத்தில் மாமா ஒரு சந்துக்காகப் போட்ட கேஸ், அவர் பேரன் பள்ளிக்கூடம் சேரும்வரை நடந்தது. ஆனாலும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவர் எழும்புகிறது என்றால் தடையாணை கேட்பதைத் தவிர வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

அண்ணன் பதிவுக்கு வர மறுத்திருந்தால் மக்கள் நீதிமன்றத்துக்குப் போயிருப்பேன். வழக்குப் போடாமலே மனு கொடுக்கலாம், கட்டணம் கிடையாது, அங்கே முடிவாகும் சமரசம் சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. இரண்டு பேரும் மனசு ஒத்து வந்தால்தான் நடக்கும் என்பது மட்டும் அதன் குறை.

பத்திரம் எழுதுமுன் பக்கத்து வீட்டின் பேரில் பேங்க் கடன் இருக்கிறதா என்று பாருங்கள். அண்ணன் வீடு அடமானத்தில் இருந்தது, பேங்க்கின் சம்மதக் கடிதம் வர இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதமும் அவரே காரைத் தெருவில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.