தடித்த பிக்சல் எழுத்துரு வாங்கப் போகிறீர்களா? படத்தை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

பழைய ஆர்கேட் விளையாட்டுகளில் ஸ்கோர் காட்டும் எழுத்து போல, தடிமனான பிக்சல் எழுத்துரு ஒன்றைப் போன மாதம் காசு கொடுத்து வாங்கினேன். நண்பர்கள் சேர்ந்து செய்யும் மொபைல் விளையாட்டின் தலைப்புக்கும் பட்டன்களுக்கும் தேவைப்பட்டது. "அசல் போல்டு, தமிழும் உண்டு, முழு வணிக உரிமை" என்று விற்றவர் போட்டிருந்தார். மாதிரிப் படங்களும் அருமையாக இருந்தன. நம்பிவிட்டேன்.

இந்த வகை எழுத்துகளை வழக்கமாக 8க்கு 8 பிக்சல் கட்டத்துக்குள் வரைவார்கள். எழுத்துக்குள் இருக்கும் வெற்றிடம் பல இடங்களில் ஒரே ஒரு பிக்சல்தான். அதனால் போல்டு வேண்டுமென்றால் புதிதாகவே வரைய வேண்டும்: நிற்கும் கோடு 2 பிக்சல், படுக்கும் கோடு 1 பிக்சல் என்று கணக்குப் பார்த்து. இவர் மெல்லிய எழுத்தை எடுத்து, வெளிக்கோட்டை நாலு பக்கமும் ஒரு பிக்சலில் சிறு பங்கு உப்ப வைத்திருக்கிறார், அவ்வளவுதான். பெரிய தலைப்பில் அது தெரியவில்லை. 16 பிக்சல் அளவில் பட்டனில் வைத்தபோதுதான் ஓரமெல்லாம் சாம்பல் பூத்து, 8, 6 என்ற எண்கள் ஒரே கறுப்புக் கட்டியாகத் தெரிந்தன. ஒழுங்காகக் கட்டத்தில் வரைந்த எழுத்து 8, 16, 24 என்ற மடங்குகளில் கத்தி மாதிரி நிற்கும். இது எந்த அளவிலும் நிற்கவில்லை.

தமிழ் இன்னும் மோசம். பழைய பாமினி முறை போல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளைச் செருகியிருக்கிறார். யூனிகோடில் தட்டினால் விளையாட்டில் வெற்றுக் கட்டங்கள்தான் வருகின்றன.

சந்தேகம் வந்து, எழுத்துருக்களைத் திருத்தும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்து பார்த்தேன். ஒரு கோப்பில் பதிப்புரிமை வரியை அழிக்க மறந்திருக்கிறார். மூலம், எஸ்ஐஎல் ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு! அந்த லைசென்ஸில் யாரும் வணிகத்துக்குப் பயன்படுத்தலாம், மாற்றலாம், மென்பொருளோடு சேர்த்தும் தரலாம். ஆனால் எழுத்துருவைத் தனியாக விற்கக் கூடாது, பதிப்புரிமைக் குறிப்பை நீக்கவும் கூடாது. என் பணம் போனதைவிட, வரைந்தவரின் பெயரை அழித்ததுதான் எனக்கு ஆத்திரம். டிஜிட்டல் பொருளுக்குப் பணம் திரும்பாது என்று ஒருமுறை பதில் போட்டார், அப்புறம் பேச்சே இல்லை.

வாங்குவதற்கு முன் சோதனைக் கோப்பு கேளுங்கள். உங்கள் சொற்களை, உங்களுக்குத் தேவையான அளவில் தட்டிப் பாருங்கள். ஃபான்ட்ஃபோர்ஜில் திறந்தும் பாருங்கள், எழுத்தின் மூலைப் புள்ளிகள் கட்டத்தில் உட்காராவிட்டால் விட்டுவிடுங்கள். ஆங்கிலம் மட்டும் போதுமென்றால் பிரஸ் ஸ்டார்ட் 2பி என்ற எழுத்துரு இலவசம், அதே லைசென்ஸ், 8க்கு 8 கட்டத்தில் நேர்த்தியாக வரைந்தது. நாங்கள் பட்டன்களுக்கு அதைப் போட்டுவிட்டோம். தமிழ்த் தலைப்பை 16க்கு 16 கட்டத்தில் நாங்களே வரைகிறோம், 'ஞ' மட்டும் இன்னும் அடங்கவில்லை.