பம்ப்கின் பைக்கு கேன் ப்யூரியா, முழுப் பரங்கிக்காயா? என் ஓட்டு கேனுக்குத்தான்

தேங்ஸ்கிவிங்ங்கற அமெரிக்கத் திருநாளுக்கு வீட்லயே பம்ப்கின் பை, அதாவது மாவு ஓட்டுக்குள்ள பரங்கிக்காய்க் கலவைய ஊத்தி ஓவன்ல வேக வெக்கிற இனிப்பு, செய்ய ஆரம்பிச்சு இந்த நவம்பரோட ஆறு வருஷம் ஆகுது. மொத மூணு வருஷம் முழுக்காய் வாங்கி, ஓவன்ல சுட்டு, அரைச்சு செஞ்சேன். அடுத்து கேன்ல அரைச்ச விழுதா வர்ற ப்யூரிக்கு மாறினேன், இனி திரும்பிப் போற எண்ணம் இல்ல. ரெண்டையும் செஞ்சு பாத்தவங்கற முறையில சொல்றேன்.

நாங்க இருக்கறது அமெரிக்காவுல இலினாய் மாநிலத்துல பியோரியா. ஆத்தைத் தாண்டி அரை மணி நேரத்துக்குள்ள மார்ட்டன்னு ஒரு சின்ன ஊர், லிப்பீஸ்ங்கற பிராண்டு கேன்ல பரங்கிக்காய அடைக்கிற பேக்டரி அங்கதான் இருக்கு. ஊரே தன்ன உலகத்தோட பரங்கிக்காய்த் தலைநகர்னு சொல்லிக்கும், செப்டம்பர்ல அதுக்குன்னு திருவிழா. 2009ல அறுவடை நேரத்துல இங்க விடாம மழை பெஞ்சு டிராக்டர் வயல்ல எறங்க முடியாமப் போச்சு, அதனால நாடு முழுக்க கடையில கேனுக்குத் தட்டுப்பாடு வந்துச்சு. இந்த ஒரு வட்டாரத்த அவ்வளவு நம்பியிருக்காங்க.

விலை, நேரம் ரெண்டுலயும் கேன் ஜெயிக்கும், அதுல பேச ஒண்ணுமில்ல. முழுக்காய்னா வெட்டி, சுட்டு, ஆற வெச்சு, தோல் உரிச்சு, அரைச்சுன்னு ஒரு சாயங்காலம் போயிடும். ஆனா நான் மாறினது அதுக்காக இல்ல, தண்ணிக்காக.

பை உள்ள இருக்கறது ஒரு கஸ்டர்டுதான். முட்டை சூட்டுல இறுகி, பாலையும் பரங்கிக்காயையும் பிடிச்சு நிறுத்துது. கேன் லேபிள்ல போட்ட அளவு ஒரு கேன் 425 கிராம், எவாபரேட்டட் மில்க் 354 மில்லி, 2 முட்டை, முக்கால் கப் சர்க்கரை. இதுல பால்ல கூட பாதிக்கு மேல தண்ணிய எடுத்துட்டுத்தான் டின்ல அடைச்சிருக்காங்க, அப்போ தண்ணி எவ்வளவு முக்கியம்னு பாத்துக்கங்க. ரெண்டு முட்டையால பிடிக்க முடியற அளவுக்கு மேல தண்ணி இருந்தா அது எங்க போகும்? மேல வேர்த்து நிக்கும், இல்லன்னா கீழ எறங்கி க்ரஸ்ட்ட, அதான் அந்த மாவு ஓட்ட, ஊற வெச்சிடும்.

என் ரெண்டாவது வருஷத்து பை அப்படித்தான் ஆச்சு. பாக்க அழகா இருந்துச்சு, வந்தவங்க முன்னாடி மொதல் துண்ட எடுத்ததும் அந்த இடத்துல மஞ்சளா தண்ணி ஓடி வந்து தேங்குச்சு, அடி க்ரஸ்ட் மாவு மாதிரி கரண்டியில ஒட்டுச்சு. ராத்திரி அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஏன்டி, பரங்கிக்காய் அல்வாவுக்கு தண்ணி சுண்டின அப்புறந்தானே சர்க்கரை போடுவோம், இதுக்கு மட்டும் பச்சைத் தண்ணியோட ஊத்துனா எப்படி இறுகும்?"னு கேட்டாங்க. அம்மா பம்ப்கின் பைய கண்ணால பாத்ததில்ல, ஆனா விஷயம் முழுசா அதுதான்.

அடுத்த வருஷம் சுட்ட காய அரைச்சு வெள்ளைத் துணியில கட்டி ராத்திரி முழுக்க வடிய விட்டேன். ஒரே கடையில ஒரே நாள் வாங்கின ரெண்டு சுகர் பம்ப்கின் (பைக்குன்னு விக்கிற சின்ன ரகம்), ஒண்ணுலேருந்து முக்கால் டம்ளர் தண்ணி வடிஞ்சுது, இன்னொண்ணுல கால் டம்ளர் கூட இல்ல. வெளியேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி. இதுதான் முழுக்காயோட பிரச்சனை, ருசி இல்லன்னு நான் சொல்லவே மாட்டேன், ஆனா ஒவ்வொரு காய்க்கும் தண்ணி வேற வேற, நம்ம கையில இருக்கற ரெசிபி அளவோ ஒண்ணே ஒண்ணு. ஹாலோவீனுக்கு மூஞ்சி செதுக்குற பெரிய காய் இன்னும் மோசம், நாரும் தண்ணியுமா இருக்கும், அதுல பை செய்யவே செய்யாதீங்க.

கேன்ல அந்தத் தலைவலி இல்ல, எந்தக் கேன திறந்தாலும் கிட்டத்தட்ட ஒரே பதம். ஆனாலும் நான் அப்படியே ஊத்தறதில்ல. அடிகனமான வாணலியில ப்யூரிய மட்டும் போட்டு மிதமான தீயில ஒரு 10 நிமிஷம் கிளறுவேன். மொதல்ல சோறு கொதிக்கிற மாதிரி பொத்து பொத்துன்னு தெறிக்கும், கை பத்திரம். அப்புறம் ஆவி குறையும், மஞ்சள் நெறம் மெல்ல செங்கல் நெறத்துக்கு வரும், கேன் வாசனை போய் சுட்ட காய் வாசனை வரும். கரண்டியால நடுவுல ஒரு கோடு இழுத்தா அது மூடாம அப்படியே நிக்கணும், அதுதான் பதம். தராசுல வெச்சுப் பாத்தப்போ 425 கிராம் 350 கிட்ட வந்து நின்னுச்சு. அப்போதான் சர்க்கரையும், பட்டை, சுக்கு, கிராம்புப் பொடியும் போட்டு இன்னும் ரெண்டு நிமிஷம், மசாலா அந்த சூட்டுல ஒரு பெரட்டு பெரண்டா வாசனையே வேற. நல்லா ஆறினதும் பாலும் முட்டையும் கலக்கணும், சூட்டோட முட்டை ஊத்துனா திரிஞ்சிடும்.

இன்னொரு விஷயம், கேன்ல அடைக்கிற டிக்கின்சன் ரகம் பாக்க ஆரஞ்சு உருண்டையா இருக்காது, வெளிறின பழுப்பு நெறத்துல நீள்வட்டமா இருக்கும். தாவர இனம் குக்குர்பிட்டா மோஸ்கேட்டா, நம்ம ஊர்ல பரவலா வெளையற பரங்கிக்காயும் அதே இனந்தான். கடையில கிடைக்கிற சுகர் பம்ப்கின் பெப்போன்னு வேற இனம். வாணலியில சுண்டும்போது வீட்டு ஞாபகம் வர்றது சும்மா இல்லன்னு இத தெரிஞ்சுக்கிட்டப்போ எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாங்கும்போது லேபிள்ல வெறும் பம்ப்கின்னு இருக்கான்னு பாருங்க, பக்கத்துலயே பை மிக்ஸ்னு சர்க்கரையும் மசாலாவும் கலந்த கேன் அதே சைஸ்ல நிக்கும். ரெடிமேட் க்ரஸ்ட் வாங்கினா அதுலயும் லேபிள் படிங்க, சிலதுல பன்னிக்கொழுப்பு சேர்ப்பாங்க. க்ரஸ்ட்ட நான் வெறுமனே ஒரு தடவ பேக் பண்ணிடுவேன், பார்ச்மென்ட் பேப்பர் விரிச்சு மேல பாரத்துக்கு காஞ்ச கொண்டைக்கடலைய நெரப்பி. அப்புறம் கலவைய ஊத்தி 425 பாரன்ஹீட்ல 15 நிமிஷம், 350க்கு குறைச்சு 40லேருந்து 50 நிமிஷம். ஓரம் இறுகி நடுவுல மட்டும் லேசா ஆடும்போதே எடுத்துடணும், உள்சூட்டுல மீதி இறுகிடும். நடுவும் கெட்டியாகற வரைக்கும் விட்டா மேல வெடிச்சிடும்.

முழுக்காய்க்கும் நியாயமா சொல்லணும்னா சுடும்போது வீடு முழுக்க வர்ற வாசனை கேன்ல கிடைக்காது, விதைய உப்பு போட்டு வறுத்தா குழந்தைங்க நொடியில காலி பண்ணிடும். நல்லா வடிய விட்ட வருஷம் பை உண்மையிலேயே அருமையா வந்துச்சு. நேரம் இருக்கறவங்க தாராளமா செய்யுங்க, வடிகட்டறத மட்டும் விடாதீங்க. கபோச்சாங்கற ஜப்பான் பரங்கிக்காய வெச்சு நான் ஒரே தடவதான் செஞ்சேன், இனிப்பும் மாவுத்தன்மையும் தூக்கலா இருந்துச்சு, ஒரு தடவைய வெச்சு தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

ஊர்ல இருக்கறவங்களுக்கு கேன் இறக்குமதி சாமான், யானை விலை. போன தடவ மதுரையில அண்ணி வீட்டு சின்ன ஓவன்ல நம்ம பரங்கிக்காயிலயே செஞ்சேன். குக்கர்ல வேக வெச்சா தண்ணி சேர்ந்துடும்னு துருவி வாணலியிலயே வதக்கி சுண்ட விட்டேன். எவாபரேட்டட் மில்க்குக்கு பதிலா ஒரு லிட்டர் பால 400 மில்லிக்கு வத்தக் காய்ச்சிக்கிட்டேன். நல்லா இறுகிச்சு, ஆனா அதுவும் ஒரே தடவ செஞ்சதுதான். மத்தவங்க கையில எப்படி வருதுன்னு கேக்க ஆசையா இருக்கு.

இந்த வருஷத்துக்கு ரெண்டு கேன் ஏற்கனவே அலமாரியில இருக்கு. புதன் சாயங்காலமே செஞ்சு, ரெண்டு மணி நேரம் வெளிய ஆற விட்டு ஃப்ரிட்ஜ்ல வெச்சிடுவேன், வியாழக்கிழமை மத்தியானம் கத்தி வெச்சா துண்டு நறுக்குன்னு வரும்.