பிளாஸ்டிக் யன்னலா, மரமா, அலுமினியமா? நாலு மாரி பார்த்த பிறகு

2021இல் கிளிநொச்சிக்குக் கிட்ட, பரந்தனில் வீடு கட்டும்போது கதவு, யன்னல் நிலை வைக்கும் கட்டம் வந்தது. அப்பா முதிரை மரம் என்றார். முல்லைத்தீவில் இருக்கும் மச்சான் அலுமினியம் என்றார். நான் யூபிவிசி, அதாவது கடினமான பிளாஸ்டிக் என்றதும் அப்பா முகம் போன போக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. "ஏன் தம்பி, வாளி செய்யிற சாமானிலையோ வீட்டுக்கு யன்னல்?"

கேள்வியில் நியாயம் இருந்தது. குளியலறைக்குப் போடும் மெல்லிய பிவிசி கதவு வெயிலில் மஞ்சளாகி நொறுங்குவதைப் பார்த்த யாரும் அப்படித்தான் கேட்பார்கள். யன்னலுக்கு வருவது வேறு ரகம். சட்டத்துக்குள் தேன்கூடு போலப் பல அறைகள், நடு அறையில் துத்தநாகம் பூசிய இரும்பு, வெயிலைத் தாங்குவதற்கு பிளாஸ்டிக்கில் கலந்த டைட்டானியம் டை ஒக்சைட். கடையில் வெட்டித் தள்ளிய துண்டொன்றைக் கேட்டு வாங்கி முனையைப் பாருங்கள். உள்ளே இரும்பு இல்லையென்றால் நடையைக் கட்டுங்கள். நிறமும் வெள்ளையே நல்லது. எங்கள் வெயிலில் கடும் மண்ணிறம் நிறையச் சூட்டைக் குடிக்கும்.

மரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதிரைக்கும் பாலைக்கும் இருக்கும் உறுதி வேறொன்றுக்கும் இல்லை. ஆனால் நன்றாகக் காய்ந்த மரத்தைத் தேடிப் பிடித்து, அனுமதிப்பத்திரத்தோடு ஏற்றி இறக்கி முடிக்கும்போது கையில் காசும் இருக்காது, பொறுமையும் இருக்காது. எங்கள் பழைய வீட்டு யன்னல் கார்த்திகையில் ஊதி நிலையோடு இறுகிவிடும். ஓடாவியார் வந்து சீவிவிட்டுப் போனால் சித்திரையில் விரல் போகும் இடைவெளி. அதோடு பெயின்ற், கறையான் மருந்து என்று வருடாவருடம் ஒரு செலவு.

அலுமினியம் மெல்லிய சட்டத்திலேயே பெரிய கண்ணாடியைத் தாங்கும். ஏ9 வீதிக் கடைகளின் முகப்பெல்லாம் அதுதான். வீட்டுக்கு எனக்குப் பிடிக்காதது அதன் சூடு. மேற்குப் பக்கச் சட்டத்தில் பின்னேரம் மூன்று மணிக்குக் கை வைத்துப் பார்த்தால் தெரியும். மச்சான் வீடு கடலுக்குக் கிட்ட. உப்புக் காற்றில் பூச்சு உரிந்த இடமெல்லாம் வெள்ளைப் பொருக்கு, புள்ளி புள்ளியாக அரிப்பு. அடியில் ஓடும் சில்லு இறுகி, இப்போது இரண்டு கையாலும் தள்ளித்தான் திறக்கிறார். கிளிநொச்சிப் பக்கம் அந்த அளவுக்கு உப்புத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

சரி, பிளாஸ்டிக்குக்கு வருவோம். பெயின்ற் வேண்டாம், கறையான் கிட்டவராது, கறல் பிடிக்காது என்று கடையில் சொல்வது எல்லாம் உண்மைதான். "ஒரு பராமரிப்பும் தேவையில்லை" என்பது மட்டும் பொய். அதை முதல் மாரியிலேயே கற்றேன்.

வாடைக் காற்றோடு அடித்த மழை. இரவு இரண்டு மணிக்குக் கால் நனைந்து எழும்பினால், யன்னற் சட்டத்தின் அடிப்பள்ளத்தில் வாய்க்கால் போலத் தண்ணீர் நிரம்பி, உள்விளிம்பால் வழிந்து தரையெல்லாம் ஓடுகிறது. விடியும்வரை சீலையால் ஒற்றி வாளியில் பிழிந்தோம். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் பரவாயில்லை.

காலையில் பொருத்திய பெடியனுக்கு அழைத்தால், "அண்ணை, வெளியில கீழ இருக்கிற துளையைப் பாருங்கோ" என்றான். அப்போதுதான் அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியும். சட்டத்துக்குள் மழைத் தண்ணீர் கொஞ்சம் வரத்தான் செய்யும், வந்தது வெளியேறுவதற்கு அடியில் ஒரு அங்குல நீளத்தில் வெட்டுகள் விட்டிருக்கிறார்கள். சிறிய மூடியைக் கழற்றினேன். சீமெந்து மாதிரி இறுகிய மண். மண்குளவி கூடு கட்டியிருந்தது. ஈர்க்கு முறிந்தது, பிறகு வயர்த் துண்டால் குத்தினேன். மண்ணோடு குளவி சேர்த்துவைத்த பச்சைப் புழுக்களும் விழுந்தன. அதன் பின்னால் தண்ணீர், பைப் திறந்தாற்போலப் பாய்ந்தது.

எங்கள் ஊரில் சோளகக் காற்று நாலைந்து மாதம் கிறவல் புழுதியை அள்ளிக் கொட்டுகிறது. அது அடிப்பள்ளத்தில் படிந்து கிடக்கும், முதல் மழையில் சேறாகித் துளையை அடைக்கும். போதாததற்குக் குளவி வேறு. ஆகவே புரட்டாதியில் ஒரு நாள் ஒதுக்குகிறேன். பெயின்ற் தூரிகையால் பள்ளத்தைத் துடைத்து, ஒவ்வொரு யன்னலிலும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி, மகளை வெளியே நிற்கச் சொல்லுவேன். "அப்பா, வருது!" என்றால் அடுத்த யன்னல். பன்னிரண்டு யன்னலுக்கும் ஒரு மணித்தியாலம் போதும். 2024 நவம்பர்க் கடைசியில் கொட்டிய மழைக்குக்கூட ஒரு சொட்டு உள்ளே வரவில்லை.

மற்றவை சின்ன வேலைகள். புழுதியைக் காய்ந்த துணியால் தேய்க்கக்கூடாது, கீறல் விழும். முதலில் தண்ணீர், பிறகு சவர்க்காரத் தண்ணீர். தின்னர், பெற்றோல் பக்கமே கொண்டுபோகவேண்டாம், பிளாஸ்டிக்கின் மினுக்கத்தைத் தின்றுவிடும். பிணைச்சலுக்கும் பூட்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளி. தேங்காயெண்ணெய் விட்டால் புழுதி ஒட்டிப் பசையாகும். ஓரத்து றப்பரை ஈரத்துணியால் துடைத்தால் போதும். புதுசாக இருக்கட்டும் என்று சட்டத்தில் ஒட்டி வரும் பாதுகாப்புத் தாளை உரிக்காமல் விட்டவர்கள் அதை வெயில் காய்ச்சிய பிறகு நகத்தால் சுரண்டுவார்கள். எங்கள் மாமி இன்னும் சுரண்டுகிறார்.

கட்டும்போதே கவனிக்க வேண்டியது ஒன்று. யூபிவிசி வெப்பத்தில் மீற்றருக்கு, ஒவ்வொரு பாகைக்கும், ஏறத்தாழ 0.07 மில்லிமீற்றர் நீளும். அலுமினியத்தைவிட மூன்று மடங்கு. விடியப்புறக் குளிருக்கும் பின்னேர வெயிலுக்கும் இடையில் சட்டத்தின் சூடு முப்பது பாகை மாறினால் ஒன்றரை மீற்றர்ச் சட்டம் மூன்று மில்லிமீற்றர் நகரும். மேசன்மார் சுற்றிவர சீமெந்தை இறுக்கி அப்பினால் அது நகர இடமில்லாமல் வளையும், கதவு பிடிக்கும். எங்கள் சமையலறை யன்னல் ஒன்று அப்படித்தான், சீமெந்தை உடைத்து, இடைவெளிக்கு நுரை அடித்துச் சரிசெய்தோம். கள்ளனுக்கும் குரங்குக்கும் போடும் கம்பியையும் சட்டத்தில் முடுக்காமல் சுவரில் முடுக்குங்கள்.

என் கணக்கு நாலு வருடத்துக்குத்தான். அதற்குள் ஒரு கைப்பிடி உடைந்தது. மாற்றுச் சாமான் வவுனியாவிலிருந்து வர மூன்று கிழமை, அதுவரை கயிறு கட்டி வைத்திருந்தோம். ஓடாவியார் என்றால் அன்றைக்கே ஒரு கொளுக்கி அடித்திருப்பார். இருபது வருடம் கழித்தும் இந்த வெள்ளை வெள்ளையாக இருக்கும் என்று சத்தியம் பண்ண நான் தயாரில்லை.

அடுத்த வருடம் முன் விறாந்தையை அடைக்க யோசனை. எட்டடி அகலக் கண்ணாடி. அதற்கு மச்சான் சொல்வதைத்தான் கேட்கப்போகிறேன், அலுமினியம்.