வீக் மெஷர்மென்ட் கிட்: கடலோர லேபுக்குத் தாங்குமா?

கீழக்கரை, மண்டபம் பக்கத்துக் கல்லூரி லேபுகள், குவாண்டம் இயற்பியலின் ‘வீக் மெஷர்மென்ட்’ (மிக மெலிதாகத் தொட்டு அளக்கும்) சோதனையைச் செய்துகாட்டும் இந்தக் கிட்டை வாங்கலாம். ஆனால் கூடவே வரும் பிளாஸ்டிக் போலராய்டு ஷீட் இரண்டையும் நம்பி இறங்கக் கூடாது. சோதனை கெடுவதே அங்கேதான்.

கிட்டில் இருப்பவை: ஹீலியம்-நியான் லேசர் (632.8 நானோமீட்டர்), லென்ஸ், இரண்டு போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை; அந்தப் போலராய்டு ஷீட்கள்தான்), நடுவே சாய்த்து நிறுத்த மெல்லிய குவார்ட்ஸ் தகடு, கேமரா. 1991இல் ரிட்சி, ஸ்டோரி, ஹியூலெட் மூவரும் செய்துகாட்டிய அமைப்பின் வழிதான். கிடைமட்ட, செங்குத்துப் போலரைசேஷன்களை (ஒளியின் அதிர்வுத் திசைகளை) தகடு ஒன்றிலிருந்து ஒன்று சுமார் 0.6 மைக்ரான் விலக்குகிறது. ஒளிக்கற்றையின் ஆரமோ 50 மைக்ரானுக்கு மேல். எந்த ஃபோட்டான் எந்தப் பக்கம் விலகியது என்று கேமராவால் பிரித்துச் சொல்லவே முடியாது. அளவீடு ‘வீக்’ என்பதன் பொருள் அதுதான்.

முதல் போலரைசரை 45 டிகிரியில் வையுங்கள். இரண்டாவதை 135இல் வைத்து, அங்கிருந்து 2 டிகிரி தள்ளுங்கள். நடுவிலிருந்து 0.3 மைக்ரானுக்கு மேல் நகரக் கூடாத ஒளிப்புள்ளி, கேமராவில் 8.6 மைக்ரான் தள்ளிப் போய் நிற்கும்! வழக்கமாக ½ அல்லது −½ மட்டுமே காட்டும் அரை ஸ்பின் துகளின் அளவீடு 100 என்று வரலாம் என ஆஹரோனோவ், ஆல்பர்ட், வைட்மன் 1988இல் எழுதிய புதிர் இதுவே. மறுபக்கம் 2 டிகிரி திருப்பினால் புள்ளியும் எதிர்ப்பக்கம் தாவும். சரியாக 135இல் நிறுத்தினால் நடுவில் இருட்டு, இரு பக்கமும் இரண்டு வெளிச்சத் திட்டுகள். இந்தக் காட்சிக்காகவே கிட்டை வாங்கலாம்.

இதற்கு விலை வெளிச்சம். 2 டிகிரியில் 10,000 ஃபோட்டானுக்கு 12தான் தப்பி வரும். மலிவான ஷீட், தடுக்க வேண்டிய ஒளியில் ஆயிரத்துக்கு ஒன்று கசியவிட்டால், அந்தப் 12உடன் 10 கலந்துவிடும். கசிவு நடுவிலேயே விழுவதால் சராசரியை உள்ளே இழுத்து, 8.6 ஐந்துக்கும் கீழே இறங்கிவிடும். லட்சத்துக்கு ஒன்றே கசியும் கிளான்-தாம்சன் பட்டகம் (கால்சைட் படிகத்தாலான போலரைசர்) இரண்டு தனியாக வாங்குங்கள்.

நம் கரையின் உப்புக்காற்றும் இதே கெடுதலைச் செய்கிறது. கண்ணாடியில் படியும் உப்புப் படலம் ஒளியைச் சிதறடிக்க, இருட்டு இருட்டாக இருக்காது. ஆல்கஹாலால் மட்டும் துடைப்பது வீண்; உப்பு அதில் கரையாது. லென்ஸையும் தகட்டையும் முதலில் டிஸ்டில்டு வாட்டர் நனைத்த லென்ஸ் டிஷ்யூவால் ஒரே திசையில் இழுத்து, பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். பட்டகத்தின் கால்சைட் மென்மையானது, அதைத் துடைக்கவே வேண்டாம். ரப்பர் ஊதுகுழாயால் ஊதி, சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

துடைத்தும் 135இல் இருள் வரவில்லையா? தகட்டின் சாய்வை மயிரிழை மயிரிழையாக மாற்றுங்கள். இரு போலரைசேஷன்களுக்கு இடையிலான கட்ட வேறுபாடு (ஒரு அலை மற்றதைவிட முந்தியோ பிந்தியோ இருக்கும் அளவு) முழுச் சுற்றுகளாக அமையாவிட்டால் இருள் வராது. விலகலில் ஒரு பங்கு புள்ளியின் இடத்தை விட்டுக் கற்றையின் திசைக்குப் போய்விடும். கிட்டின் சாய்வுத் திருகு இதற்குப் போதாத அளவு முரடு.

135இலிருந்து தள்ளும் கோணத்தில் அரை டிகிரிக்குக் கீழே போக வேண்டாம், புள்ளி உடைய ஆரம்பிக்கும். கேமராவின் ஆட்டோ எக்ஸ்போஷரை அணைத்து, லேசரை மறைத்து எடுத்த ஒரு படத்தை ஒவ்வொன்றிலிருந்தும் கழியுங்கள். மேசைக்குக் கடப்பாக் கல் போதும். ஃபேன் ஓடக் கூடாது. இரும்புத் திருகுகள் துருப்பிடித்து இறுகும் முன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றிவிடுங்கள்.